வடிவு பார்த்த வால் நட்சத்திரம்

காஞ்சன்பாக், ஹைதராபாத்
18.11.1985

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. உன் மகன் குத்தாலத்துக்கு இந்த ஊரில் இன்டர்வியூ என்று படித்ததும் கனகம் அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டாள். மருமகன் வருகிறான் என்றால் அவளுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. டிசம்பர் பதின்மூன்றாம் தேதி நாம்பள்ளி ஸ்டேஷனுக்கு நானே போய்க் கூட்டி வந்துவிடுகிறேன். உன் பிள்ளை தென்காசியை விட்டால் மதுரை வரைதான் போயிருக்கிறான். இந்த ஊர் ஆட்டோக்காரனிடம் மாட்டினால் சார்மினாரை நாலு சுற்று சுற்றிக் காட்டிவிட்டுத்தான் விடுவான்.

அவன் வருவதில் இன்னொரு சௌகரியம். மறுநாள் சனிக்கிழமை எங்கள் குவார்ட்டர்ஸ் மைதானத்தில் வானியல் நாள் கொண்டாடுகிறோம். ஹாலி வால் நட்சத்திரம் வந்திருக்கிறது அல்லவா, அதற்காக. நான் அறிவியல் மன்றத்துக்குச் செயலாளர் ஆனதை எழுதியபோது அத்தான், "டிராஃப்ட்ஸ்மனுக்கு ஆகாசத்துல என்னடே வேல?" என்று கேட்டாரே, அந்த மன்றம்தான். மதியம் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் பேசுகிறார். பிறகு ஸ்லைடு படங்கள். ஐஸ் ஃபாக்டரியிலிருந்து ஐஸ் கொண்டுவந்து கரித்தூளும் மணலும் சேர்த்து மேஜைமேல் ஒரு வால் நட்சத்திரம் செய்து காட்டப் போகிறோம். இருட்டியதும் தொலைநோக்கி. மைதானத்து விளக்கை எல்லாம் அணைக்க வேண்டும் என்று எஸ்டேட் ஆபீசில் சண்டை போட்டு அனுமதி வாங்கியிருக்கிறேன். லேசுப்பட்ட காரியம் இல்லை.

ஐஸ் மேஜைப் பக்கம் நின்று தெலுங்கிலும் இங்கிலீஷிலும் விளக்கம் சொல்லப்போவது யார் தெரியுமா? உன் மருமகள் வடிவுதான். பி.காம். முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று நான்தான் இழுத்துவிட்டேன். தமிழில் சொல் என்றால் மட்டும் நெளிகிறாள். கோபம் வந்தால் இந்த ஊர் உருதுவில் "நக்கோ", அதாவது வேண்டாம் என்று ஒரே வார்த்தை, பேச்சு முடிந்தது.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து ஏழெட்டு வருஷம் இருக்கும். ஆச்சி காரியத்தில் பார்த்தது. அவள் பிறந்தபோது நீ வெள்ளிக் கொலுசைப் போட்டு, "இது எனக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாய். நானும் கனகமும் அதை ஒரு நாளும் மறந்ததில்லை. வரட்டும், பேசிப் பழகட்டும். தை பிறந்ததும் நாள் பார்த்துவிடலாம்.

அத்தானுக்கு என் வணக்கம். சின்னவள் கல்யாணியை ஒழுங்காகப் படிக்கச் சொல்.

உன் தம்பி,
ஆவுடையப்பன்

⁂

தென்காசி
22.12.1985

தம்பி ஆவுடைக்கு,

குத்தாலம் முந்தாநாள் வந்து சேர்ந்தான். இன்டர்வியூ நன்றாகத்தான் செய்தானாம். ஆனால் வேலையே கிடைத்தாலும் அந்த ஊருக்குப் போக மாட்டேன் என்கிறான். முகம் சரியில்லை. சோற்றைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து தோண்டித் தோண்டிக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

உன்மேலோ கனகத்தின் மேலோ அவனுக்கு ஒரு குறையும் இல்லை. பகல் முழுக்க வடிவும் நன்றாகத்தான் பேசியிருக்கிறாள். ஐஸ்கட்டியை வைத்துக்கொண்டு அவள் பேசியதைக் கேட்டு இவனுக்குப் பெருமையாகக்கூட இருந்திருக்கிறது. அப்புறம்தான், "வெளக்க அணைச்சதும் அவ வேற ஆளா ஆயிட்டாம்மா" என்கிறான்.

சூடாகக் கடலை வாங்கி, பொட்டலத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டியிருக்கிறான். அவள் வாங்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. இவன் நீட்டிய கையோடு நிற்கிறான், அவள் எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பக்கத்தில் நின்ற பயல்கள் சிரித்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து இவன் மேலேயே வந்து மோதி, காலை மிதித்துவிட்டு, "ஸாரி அங்கிள்" என்றாளாம். அங்கிளாம்! என் பிள்ளைக்கு இருபத்தேழு வயது. தலையில் ஒரு முடி நரைக்கவில்லை.

அதோடு விட்டாளா? வரிசையில் நின்று இவன் குழாயில் பார்த்தபோது, ஏதோ பஞ்சு ஒட்டினாற்போல் மங்கலாகத் தெரிந்ததாம். வாலும் இல்லை, ஒன்றும் இல்லை. உள்ளதைச் சொல்லியிருக்கிறான். அடுத்துப் பார்த்தவள் உன் மகள். "எவ்வளவு நீள வால், எவ்வளவு அழகு" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னாளாம். உடனே ஒருவன், மாப்பிள்ளைக்குக் கண் தெரியவில்லை என்று தெலுங்கில் கேலி பேச, மைதானமே சிரித்ததாம். தெலுங்கு தெரியாவிட்டாலும் தன்னைப் பார்த்துச் சிரிப்பது தெரியாதா? அர்த்தத்தைப் பக்கத்தில் நின்ற ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டானாம்.

பிடிக்கவில்லை என்றால் நேராகச் சொல்லிவிட்டுப் போகலாம். டவுன் பெண், படித்த பெண், எங்கள் வீடு அவளுக்குச் சின்னதாகத் தெரியலாம். அதற்காக ஊர் சிரிக்க வைக்க வேண்டுமா? உன் அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் நம் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தையே இருக்காது.

வால் நட்சத்திரம் வந்தால் ராஜாவுக்கு ஆகாது என்பார்கள். நம்மைப் போன்றவர்கள் வீட்டுக்கும் ஆகாது போலிருக்கிறது. தை மாதப் பேச்சை இதோடு விட்டுவிடு.

பிச்சம்மாள்

⁂

காஞ்சன்பாக்
2.1.1986

அக்கா,

உன் கடிதம் வந்த அன்றே சூடாக ஒரு பதில் எழுதினேன். நல்லவேளை, தபாலில் போடவில்லை. இப்போது எழுதுவதை நிதானமாகப் படி.

முதலில் வடிவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அத்தான எதுக்கும்மா அவமானப்படுத்துன?" என்றேன். அவள் விழிக்கிறாள். "கடலையா? எனக்கு யாரும் ஒண்ணும் குடுக்கலியேப்பா" என்றாள். பொய் சொல்கிறாள் என்று நினைத்துக் கையை ஓங்கிவிட்டேன். கனகம் குறுக்கே வந்திராவிட்டால் அடித்திருப்பேன்.

பிறகு வால் விஷயம் நினைவுக்கு வந்தது. குத்தாலம் சொன்னது நிஜம். அன்று தொலைநோக்கியில் வால் தெரியவில்லை, யாருக்குமே தெரியவில்லை. தொலைநோக்கி பக்கத்தில் நின்று ஆள் ஆளாக விட்டவர் என் கூட வேலை செய்யும் அப்துல் ரஹீம். "க்யா பாய், ரூயி தேக்னே கோ புலாயே?" என்று, பஞ்சைக் காட்டவா கூப்பிட்டீர்கள் என்று, ஜனங்கள் அவரைப் பிடுங்கி எடுத்துவிட்டார்கள். அப்படியிருக்க இவளுக்கு மட்டும் வால் எங்கிருந்து வந்தது? கேட்டேன். அவள் சொன்னாள்:

"ஸ்லைடுல இருந்துச்சேப்பா. கொழாய்க்குள்ள எனக்குக் கறுப்பாத்தான் இருந்துச்சு. எல்லாரும் தெரியுது தெரியுதுன்னாங்க. நானும் சொன்னேன்."

மாலையில் அவளை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனேன். மேகமே இல்லை. கிழக்கே மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்குமே, நீகூட அதைக் காட்டித்தான் எனக்குச் சோறு ஊட்டினாய், அதைக் காட்டச் சொன்னேன். அவள் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். மேலே எத்தனை தெரிகிறது என்றேன். "ஒண்ணு... இல்லப்பா, அதுவும் இல்ல" என்றாள். அப்புறம் அவள் சொன்னதைக் கேள். "நட்சத்திரம்லாம் கொழாய் வெச்சுப் பாத்தாத்தானேப்பா தெரியும்? வெறும் கண்ணால யாரு பாக்க முடியும்?"

நிலா தெரியுமாம். சில நாள் சாயங்காலம் ஒன்று பளிச்சென்று தெரியுமாம். மற்றதெல்லாம் பாட்டுக்கும் படத்துக்கும் சொல்வது என்று நினைத்திருந்தாளாம். இருபது வயது அக்கா. நான் ஊரைக் கூட்டி வானத்தைக் காட்டினேன். என் மகள் இன்றுவரை ஒரு நட்சத்திரத்தைப் பார்த்ததில்லை. மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்பதுகூட அவளுக்குத் தெரியாது.

நம் வீட்டில் விளக்கு வைத்தபின் பெண்பிள்ளை வாசல் தாண்டக் கூடாது. அவளும் தாண்டியதில்லை, எங்களுக்கும் தெரிந்ததில்லை. சினிமாக் கொட்டகையில் கனகத்தின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேதான் நடப்பாள். நாங்கள் அதைக் கேலி செய்து சிரித்திருக்கிறோம்.

கடலைப் பொட்டலம் அவளுக்குத் தெரியவில்லை. நீட்டியவன் முகமும் தெரியவில்லை. யாரோ பெரியவர் மேல் இடித்துவிட்டோம் என்று அங்கிள் என்றிருக்கிறாள். இதைக் குத்தாலத்திடம் சொல். அவன் வருத்தப்பட்டதில் தப்பே இல்லை.

கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்கிறாள் கனகம். பொங்கல் கழிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்.

ஆவுடை

⁂

தென்காசி
11.1.1986

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். பாவி, என்னவெல்லாம் எழுதிவிட்டேன் அந்தப் பிள்ளையை. குத்தாலத்திடம் சொன்னேன். எழுந்து கடைத்தெருப் பக்கம் போய்விட்டான். திரும்பி வந்து, "நான் கைய தொட்டுக் குடுத்திருக்கலாம்மா" என்றான். அவ்வளவுதான் அவன் பேசியது.

இது மாலைக்கண் தம்பி. கண்ணாடியால் தீராது, சாப்பாட்டால்தான் தீரும். கீழப்புலியூரில் ஒரு பிள்ளைக்கு இருந்து, தழை தின்றே சரியாகியிருக்கிறது. முருங்கைக்கீரையை நெய் விட்டு வதக்கித் தினமும் கொடு. பொன்னாங்கண்ணி அந்த ஊரில் கிடைக்குமா? கிடைக்காவிட்டால் நான் காயவைத்துப் பொடி செய்து அனுப்புகிறேன். பப்பாளி, மாம்பழம், கேரட் எதையும் விடாதே.

இன்னொன்று சொல்கிறேன், கனகத்தைத் தவிர யாரும் அறிய வேண்டாம். மீன் எண்ணெய் மாத்திரை இதற்குக் கைகண்டது என்று கம்பவுண்டர் சொல்கிறார். நம் வீட்டில் முட்டை பட்ட பாத்திரம்கூட உள்ளே வந்ததில்லைதான். ஆனாலும் கொடு. பாவம் இருந்தால் அது என் தலையில் விடியட்டும். நான் செவ்வாய்க்கிழமை விரதம் ஒன்று கூடுதலாக எடுத்துக்கொள்கிறேன்.

தையில் முடியாவிட்டால் என்ன, ஆவணியில் வைத்துக்கொள்ளலாம். அதற்குள் பிள்ளை கண் தெளிந்துவிடும். உன் அத்தானிடம் ஏதோ ஜாதகத்தில் தள்ளிப்போகிறது என்று சொல்லிவிட்டேன். அவரிடம் எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாதா?

வடிவை நான் கேட்டதாகச் சொல். அத்தைக்குக் கோபம் இல்லை என்று சொல்.

பிச்சம்மாள்

⁂

காஞ்சன்பாக்
24.2.1986

அக்காவுக்கு,

நீ அனுப்பிய பொடி வந்தது. இனி அனுப்ப வேண்டாம்.

வடிவைப் பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் பல தடவை கூட்டிப்போனோம். ஒரு கிண்ணம் போன்ற இயந்திரத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, ஓரத்திலிருந்து சின்ன வெளிச்சப் புள்ளியை நகர்த்துகிறார்கள். தெரிந்ததும் மணியை அமுக்க வேண்டும். புள்ளி நகர்ந்து நகர்ந்து நடுவுக்கே வந்துவிட்டது, அவள் மணியை அமுக்கவில்லை. நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "அமுக்கும்மா, அமுக்கு" என்று வாய்வரை வந்துவிட்டது. டாக்டரம்மா என்னை வெளியே அனுப்பிவிட்டார்.

பகலில்கூட அவளுக்கு நேர் எதிரே இருப்பதுதான் தெரிகிறதாம், பக்கவாட்டில் ஒன்றும் இல்லையாம். குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி. கண்ணின் உட்திரை கொஞ்சம் கொஞ்சமாகக் கருகிக்கொண்டு வருகிறது. குழாய் இன்னும் சிறுத்துக்கொண்டே போகும். எப்போது முழுக்க மூடும் என்று கேட்டேன். பத்து வருஷமும் ஆகலாம், இருபதும் ஆகலாம், பிடித்துவைக்க முடியாது என்றார். மருந்து? இல்லை. ஆபரேஷன்? இல்லை. வெளிநாட்டில்? அங்கேயும் இல்லை. மீன் எண்ணெய் கொடுக்கிறோம் என்று கனகம் மெல்லச் சொன்னாள். அந்த அம்மா சிரிக்கவில்லை. "கொடுக்க வேண்டுமானால் கொடுங்கள்" என்றார். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அப்புறம் கேட்டார்: "மேனரிகமா?" முறையில் கட்டுவதை இங்கே தெலுங்கில் அப்படித்தான் சொல்வார்கள். ஆமாம், நான் கட்டியது மாமன் மகளை என்றேன். அதற்கு முன்னால்? அப்பாவும் அப்படித்தான், தாத்தாவும் அப்படித்தான். நீயும் அத்தை மகனுக்குத்தான் வாழ்க்கைப்பட்டாய். ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். எல்லாக் கோடும் சுற்றிச் சுற்றி ஒரே வீட்டுக்குள்தான் வந்தது. நான் கோடு போட்டுப் பிழைக்கிறவன், அந்தப் படத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

இந்தப் பெண்ணை மறுபடி சொந்தத்தில் கொடுக்காதீர்கள், பிறக்கும் பிள்ளைகளுக்கும் வரக்கூடும் என்றார். வந்துதான் தீரும் என்று இல்லையாம். வராது என்றும் சொல்ல முடியாதாம். குத்தாலத்தைச் சோதித்துப் பார்த்துச் சொல்ல முடியுமா என்றேன். அதற்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை என்றார்.

வடிவு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் இடம் கேட்டாள். வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஆவுடை

⁂

தென்காசி
10.3.1986

தம்பி,

இந்தக் கடிதத்தைக் கனகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

டாக்டர் சொன்னதெல்லாம் எனக்குப் புரிந்தது. புரிந்த பிறகுதான் சொல்கிறேன். வடிவு என் வீட்டுக்குத்தான் வருகிறாள். ஆவணியில் ஐந்தாம் தேதி நல்ல நாள், ஜோசியரிடம் கேட்டுவிட்டேன்.

நம் பிள்ளையை நாம் எடுக்காவிட்டால் யார் எடுப்பார்கள்? வெளியில் எவன் வருவான்? வந்தாலும் கண் போன அன்று அவளை என்ன பாடு படுத்துவான்? என் வீட்டில் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. சமையலை நான் பார்க்கிறேன். என் காலத்துக்குப் பிறகு குத்தாலம் பார்ப்பான். சாயங்காலம் ஆனால் உள்ளே உட்கார்ந்துகொள்ளட்டும், எந்தப் பெண் இங்கே இருட்டிய பிறகு ரோட்டில் சுற்றுகிறாள்? ஒருத்தருக்கும் தெரியாது.

பிள்ளைக்கு வரும் என்று அந்த டாக்டர் கண்டாளா? நம் வீட்டில் எத்தனை பேர் முறையில் கட்டி எத்தனை பிள்ளை பெற்றிருக்கிறார்கள். வடிவைத் தவிர யாருக்கு வந்தது? எனக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டு பேருக்கும் கண் நன்றாகத்தானே இருக்கிறது?

குத்தாலத்திடம் சத்துக் குறைவு, தேறிவிடும் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அவனுக்கு அவள்மேல் ஆசை இருக்கிறது தம்பி. அந்த ஊரில் எடுத்த போட்டோவைப் பர்சில் வைத்திருக்கிறான், நான் பார்த்தேன். டாக்டர் சொன்னது அவனுக்கும் வேண்டாம், உன் அத்தானுக்கும் வேண்டாம். எனக்கும் உனக்கும் கனகத்துக்கும் தெரிந்தால் போதும்.

நான் கொலுசு போட்டது விளையாட்டுக்கு இல்லை. சரி என்று ஒரு வரி எழுது.

உன் அக்கா

⁂

காஞ்சன்பாக்
6.4.1986

அக்கா,

இந்த ஒரு வரியை எழுத எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. வேண்டாம் அக்கா.

உன் கடிதத்தைக் கனகம்தான் சத்தமாகப் படித்தாள். படித்து முடித்து, அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பூஜை அலமாரியில் வைத்தாள். "கண்ணு போனாலும் சொந்தத்துக்குள்ள கெடந்தா ஒரு வாய்ச் சோறாவது போடுவாவ. சரின்னு எழுதுங்க" என்கிறாள். நான் எழுத மாட்டேன் என்றதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

வடிவு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அத்தான்ட்ட சொல்லாமயா? நக்கோப்பா. எனக்கு வந்தது வந்துச்சு. நாளைக்கு என் கொழந்தை தட்டுத் தடுமாறி நடந்தா, என்னால அதப் பாக்கக்கூட முடியாதே. யாரு பாத்துக்குவா?" அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

அவளுக்கும் குத்தாலத்தைப் பிடித்துத்தான் இருக்கிறது. அதையும் நான் மறைக்க விரும்பவில்லை.

வெளியிலும் பார்க்காமல் இல்லை. கூகட்பள்ளி ஹவுசிங் போர்டில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் பெண் கேட்டு வந்தது. நல்ல மனிதர்கள், மன்னார்குடிப் பக்கம். வந்தவர்களிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். காபியைக் குடித்துவிட்டு, மரியாதையாகக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அப்புறம் தகவல் இல்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் இடத்தில் நானாக இருந்தால் காபிகூடக் குடித்திருக்க மாட்டேன்.

நீ கொடுப்பது எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். வேறு யாரும் இதைச் செய்ய மாட்டார்கள். அதனால்தான் வாங்கிக்கொள்ள முடியாமல் தவிக்கிறேன். ஆனால் குத்தாலத்துக்கும் தெரியாமல் அவன் தலையில் இதைக் கட்டி, நாளைக்கு ஒரு குழந்தை இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு வந்தால், நீயும் நானும் எந்த முகத்தோடு அதைத் தூக்குவோம்?

வால் நட்சத்திரம் இந்த மாதம் நன்றாகத் தெரிகிறது என்று இன்னொரு நாள் கூட்டம் போடச் சொல்கிறார்கள். நான் மன்றத்திலிருந்து விலகிவிட்டேன்.

கோபப்படாதே அக்கா. கோபப்பட்டாலும் எழுது.

ஆவுடை

⁂

தென்காசி
22.7.1986

தம்பி ஆவுடையப்பனுக்கு,

உனக்குப் பதில் எழுதாமல் இருந்தது கோபத்தில்தான். கேட்டுக் கேட்டு வலிய வந்த என்னை வேண்டாம் என்றுவிட்டாய். மூன்று மாதமாக உன் பேச்சை இந்த வீட்டில் நான் எடுக்கவில்லை.

குத்தாலத்துக்குப் பெண் பார்த்து முடித்துவிட்டோம். அம்பாசமுத்திரம், அந்நிய இடம், நம்மோடு ஒட்டும் உறவும் கிடையாது. நீயும் உன் டாக்டரும் சொன்னபடிதான் செய்திருக்கிறேன். ஆவணி ஐந்து, அந்தத் தேதியை மாற்றவில்லை. பத்திரிகை இதோடு வைத்திருக்கிறேன். தாய்மாமன் இல்லாமல் அவனை மணவறையில் ஏற்ற முடியாது. நீயும் கனகமும் வந்தே தீர வேண்டும்.

இன்னொன்று, எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பெண் வீட்டார் எங்கேயோ விசாரித்திருக்கிறார்கள். "ஒங்க தம்பி மகளுக்குக் கண்ணு சரியில்லையாமே, குடும்பத்துல உள்ளதா?" என்று கேட்டார்கள். யாரோ கிளப்பிவிட்ட புரளி என்று சாதித்துவிட்டேன். கல்யாண வீட்டுக் கூட்டத்தில் வடிவு நாலு பேர்மேல் மோதி நின்றால் நான் சொன்னது என்ன ஆகும்? அடுத்து கல்யாணி இருக்கிறாள். அவளையும் ஒரு இடத்தில் கொடுக்க வேண்டும்.

வடிவை அங்கேயே யார் வீட்டிலாவது விட்டுவிட்டு வா. நீங்கள் இரண்டு பேர் மட்டும் வந்தால் போதும். என்னைத் தப்பாக நினைக்காதே.

பிச்சம்மாள்

⁂

காஞ்சன்பாக்
1.8.1986

அக்காவுக்கு,

பத்திரிகை கிடைத்தது. குத்தாலம் நன்றாக இருக்கட்டும். மனதாரச் சொல்கிறேன்.

கடிதம் வந்தபோது வடிவுதான் வாங்கி வைத்திருந்தாள். தமிழ் சரளமாகப் படிக்க வராது அல்லவா, நான் ஆபீசிலிருந்து வந்ததும் படித்துக் காட்டச் சொன்னாள். கனகமும் வந்து நின்றாள். இத்தனை நாள் கழித்து என் பக்கத்தில் வந்து நின்றாள். நான் படித்தேன். கடைசிப் பகுதி வந்ததும் நிறுத்தி, "எல்லாரும் முன்கூட்டியே வந்துவிடுங்கள்" என்று படித்தேன்.

இப்போது வடிவைப் பிடிக்க முடியவில்லை. சுல்தான் பஜாருக்குப் போய், வரப்போகிற பெண்ணுக்கு என்று ஒரு புடவை எடுத்து வந்திருக்கிறாள். டாக்டரிடம் போய் வந்த நாளிலிருந்து இவள் சிரித்ததை நான் பார்க்கவில்லை, இப்போது சிரிக்கிறாள். "இந்தத் தடவ எல்லாரும் வருவாங்க இல்லப்பா? பகல்ல, நல்ல வெளிச்சத்துல, அத்தை மொகம், மாமா மொகம், கல்யாணி மொகம், எல்லாத்தையும் ஒரு தரம் நல்லாப் பாத்து வெச்சுக்கறேன். அப்பறம் போனாலும் போகட்டும்" என்கிறாள். குத்தாலத்தின் முகத்தை மட்டும் அவள் சொல்லவில்லை. அதுவும் பார்க்கத்தான் வருகிறாள் என்று எனக்குத் தெரியும்.

நீ எழுதியதில் உள்ள நியாயம் எனக்குப் புரிகிறது. கல்யாணியும் என் மகள்தான். ஆனால் நீ வரவேண்டாம் என்கிறாய் என்பதை இவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது. நான் அவளைக் கையைப் பிடித்தே நடத்துகிறேன் அக்கா, ஒருவர்மேலும் மோத விடமாட்டேன். ஒரு மூலையில் உட்கார்த்தி வைக்கிறேன். முகூர்த்தம் முடிந்ததும் அடுத்த பஸ்ஸில் கூட்டிப் போய்விடுகிறேன்.

ரயிலுக்கு ரிசர்வேஷன் செய்ய வேண்டும். இரண்டு டிக்கெட்டா, மூன்று டிக்கெட்டா? கடிதம் வேண்டாம், நாள் இல்லை. ஒரு தந்தி கொடு. உன் பதில் வரும்வரை நான் டிக்கெட் எடுக்கவில்லை.

ஆவுடை

⁂

தந்தி
தென்காசி, 6.8.1986

இரண்டு. அக்கா.